குடிநீர்க் குழாயில் பேக்ஃப்ளோ தடுப்பான்: தேர்வு முதல் சோதனை வரை

பேக்ஃப்ளோ தடுப்பானை, அதாவது தண்ணீர் திரும்பி ஓடிப் பிரதான குழாய்க்குள் போகாமல் தடுக்கும் சாதனத்தை, வாங்கிக் குழாயில் மாட்டிவிட்டால் குடிநீர் பாதுகாப்பாகிவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அதன் உள்ளே இருப்பவை சில ரப்பர் வட்டுகளும் ஸ்பிரிங்குகளும்தான். அவை சத்தம் போடாமல் கெட்டுப்போகும். கெட்ட பிறகும் குழாயில் தண்ணீர் வழக்கம்போல வந்துகொண்டே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. அழுத்தம் அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தால் மட்டுமே விஷயம் தெரியும். ஆகவே எந்தச் சாதனம், எந்த இடம், எப்படி மாட்டுவது என்ற எல்லா முடிவுகளையும் "நாளைக்கு ஒருவர் வந்து இதைச் சோதிக்க முடியுமா?" என்ற கேள்வியோடு சேர்த்தே எடுங்கள்.

பல ஊர்களில் இந்த வேலையைச் செய்ய உரிமம் பெற்ற பிளம்பரும் சான்றிதழ் பெற்ற சோதனையாளரும் வேண்டும். நீங்கள் அந்தத் தொழிலில் இல்லையென்றாலும் இந்த வழிகாட்டி பயன்படும். செய்பவர் என்ன செய்கிறார், எதை விட்டுவிடுகிறார் என்று பக்கத்தில் நின்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையா?

தண்ணீர் ஏன் திரும்பி ஓடுகிறது

அழுத்தம் குறைவாக இருக்கும் பக்கம் தண்ணீர் போகும், அவ்வளவுதான். குடிநீர்க் குழாயில் இது தலைகீழாக மாற இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, பிரதான குழாயில் அழுத்தம் விழுந்துபோய், கட்டடத்தில் உள்ளதை அது இழுத்துக்கொள்வது. மெயின் உடைந்தால், தீயணைப்பு வண்டி ஹைட்ரன்டில் (தெருவிலுள்ள தீயணைப்புக் குழாய்முனையில்) நிறைய தண்ணீர் எடுத்தால், யாராவது மெயினிலேயே நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் இது நடக்கும். விட்டுவிட்டுத் தண்ணீர் வரும் ஊர்களில் ஒவ்வொரு முறை சப்ளை நிற்கும்போதும் இதற்கு வாய்ப்பு உண்டு. முழு வெற்றிடம் ஏற்பட்டால், கடல் மட்டத்தில் தண்ணீர் கோட்பாட்டளவில் சுமார் 10.3 மீட்டர் உயரம் வரை மேலேறும். தரையில் கிடக்கும் பூச்சிமருந்து வாளியும், அதில் முங்கியிருக்கும் ஹோஸும் மூன்றாம் மாடிக் குழாயைக் கெடுக்க இது தாராளமாகப் போதும்.

இரண்டாவது, கட்டடத்தின் பக்கம் அழுத்தம் கூடி எதிர்த்துத் தள்ளுவது. பூஸ்டர் பம்ப், பாய்லர், சூடாகி விரியும் தண்ணீர், மாடி டேங்க் எல்லாம் இதைச் செய்யும். ஒரு மீட்டர் நீர்மட்டம் ஏறத்தாழ 9.8 கிலோபாஸ்கல், அதாவது 1.4 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு). 10 மீட்டர் உயரத்தில் டேங்க் இருந்தால் கீழே 14 பிஎஸ்ஐ எப்போதும் காத்திருக்கிறது என்று பொருள். மெயின் அழுத்தம் அதற்குக் கீழே இறங்கினால், குழாய் இணைப்பு திறந்திருக்கும் பட்சத்தில் டேங்க் தண்ணீர் மெயினுக்குள் போகும்.

1969இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் நகரின் ஹோலி கிராஸ் கல்லூரி அமெரிக்கக் கால்பந்து அணியில் பெரும்பாலானோருக்கு ஹெபடைடிஸ் என்ற கல்லீரல் தொற்று வந்தது. பயிற்சி மைதானத்தில் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய்களின் முனைகள் தரைக்குள் பதிந்த குழிகளில் இருந்தன. அந்தக் குழிகளில் தேங்கிய நீரில் ஹெபடைடிஸ் கிருமி கலந்திருந்தது. அருகே ஒரு தீ விபத்து நடந்தபோது ஹைட்ரன்டுகளில் தண்ணீர் எடுத்தார்கள். மைதானத்துக் குழாயில் அழுத்தம் விழுந்து, குழி நீர் உள்ளே இழுக்கப்பட்டது. அதே குழாயின் கடைசியில் இருந்த குழாய்முனையில்தான் வீரர்கள் தண்ணீர் குடித்தார்கள். இரண்டே ஆட்டங்களோடு அந்த ஆண்டு அவர்கள் விளையாட்டு முடிந்தது.

2007இல் பின்லாந்தின் நோக்கியா நகரில் நடந்தது இன்னும் மோசம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் சுத்திகரித்த கழிவுநீர்க் குழாயையும் குடிநீர்க் குழாயையும் ஒரே ஒரு வால்வு பிரித்து வைத்திருந்தது. அது திறந்துவிட, ஆயிரக்கணக்கானோர் நோய்வாய்ப்பட்டார்கள். மூடிய வால்வு தடுப்பான் ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் சாதாரண ஒற்றை செக் வால்வும் அப்படித்தான். அது கெட்டுவிட்டதா என்று பார்க்க வழியே கிடையாது.

முதலில் கட்டடத்தைச் சுற்றி வாருங்கள்

சாதனம் வாங்கும் முன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, குடிநீர்க் குழாய் எங்கெல்லாம் வேறு ஏதோ ஒன்றைத் தொடுகிறது என்று எழுதுங்கள். தோட்டத் தெளிப்பான், உரம் கலக்கும் கருவி, பாய்லர் நிரப்பும் குழாய், கூலிங் டவர், நீச்சல் குளம், தீயணைப்பு ஸ்பிரிங்ளர், ஆய்வகச் சிங்க், வாகனம் கழுவும் இடம், போர்வெல் இணைப்பு என்று பட்டியல் நீளும். ஹோஸ் மாட்டக்கூடிய திருகு உள்ள ஒவ்வொரு குழாயையும் தனியாகக் குறியுங்கள். அதிகம் விட்டுப்போவது அதுதான்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கேள்விகள். திரும்பி வந்தால் ஆளுக்கு நோய் வருமா, இல்லை நிறமும் சுவையும் மட்டும் கெடுமா? அங்கே எதிர்த்துத் தள்ளும் அழுத்தம் வர வாய்ப்பு உண்டா, இல்லை மெயின் இழுத்தால் மட்டும்தான் ஆபத்தா? இந்த இரண்டு பதில்களும் சேர்ந்து சாதனத்தைத் தீர்மானித்துவிடும். ஐரோப்பிய இஎன் 1717 தரம் இதையே ஐந்து நீர் வகைகளாகப் பிரிக்கிறது. ஒன்று சுத்தமான குடிநீர், ஐந்து கழிவுநீர் போன்ற கிருமி ஆபத்து.

எதற்கு எது

காற்று இடைவெளிதான் எல்லாவற்றுக்கும் மேல். குழாய்முனைக்கும் டேங்கின் விளிம்புக்கும் நடுவே வெறும் காற்று. இடைவெளி குழாய் விட்டத்தைப்போல இரு மடங்கு இருக்க வேண்டும், எப்படியும் 25 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பக்கத்தில் சுவர் இருந்தால் மும்மடங்கு. நகரும் பாகம் எதுவும் இல்லாததால் கெட்டுப்போகவும் எதுவும் இல்லை. ஆனால் யாராவது அந்த முனையில் ஒரு ஹோஸைச் சொருகி டேங்குக்குள் விட்டால் எல்லாம் போச்சு. அழுத்தமும் அங்கேயே தீர்ந்துவிடுவதால் மறுபடி பம்ப் வைக்க வேண்டும்.

ஆர்பிஇசட் (ரெட்யூஸ்டு பிரஷர் ஸோன்) எனப்படும் வகையில் இரண்டு செக் வால்வுகள், அவற்றின் நடுவே ஒரு ரிலீஃப் வால்வு. நடு அறையின் அழுத்தம் உள்ளே வரும் அழுத்தத்தைவிட எப்போதும் குறைவாக இருக்கும். அந்த வித்தியாசம் 2 பிஎஸ்ஐ அளவுக்குச் சுருங்குவதற்குள் ரிலீஃப் திறந்து, நடு அறை நீரை வெளியே கொட்டிவிடும். செக் வால்வு இரண்டுமே கெட்டாலும் அழுக்கு தரையில் கொட்டும், மெயினுக்குப் போகாது. உயிருக்கு ஆபத்தான இணைப்புகளுக்கு இதுதான் வழக்கம். இருந்தாலும் இஎன் 1717 இதை நான்காம் வகை நீர் வரைதான் ஏற்கிறது. ஐந்தாம் வகைக்குக் காற்று இடைவெளியே வேண்டும்.

டபுள் செக்கில் இரண்டு செக் வால்வுகள் மட்டும், ரிலீஃப் கிடையாது. நோய் வராத, ஆனால் குடிக்கப் பிடிக்காத நீருக்கு, குறிப்பாக மருந்து கலக்காத தீயணைப்பு ஸ்பிரிங்ளர் குழாய்களுக்கு இது போதும்.

பிவிபி என்ற பிரஷர் வேக்கம் பிரேக்கர் தோட்டக் குழாய்களில் சாதாரணமாகக் காணப்படும். மெயின் இழுத்தால் காற்றை உள்ளே விட்டு உறிஞ்சலை முறிக்கும். எதிர் அழுத்தத்துக்கு இது உதவாது. அப்புறம் அதற்கு அடுத்துள்ளவற்றில் மிக உயரமான தெளிப்பானைவிட 300 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தே ஆக வேண்டும். இதன் எளிய தம்பி ஏவிபி (அட்மாஸ்ஃபெரிக் வேக்கம் பிரேக்கர்). அதற்கு 150 மில்லிமீட்டர் உயரம் போதும், ஆனால் அதற்கு அடுத்து எந்த வால்வும் இருக்கக் கூடாது, 24 மணி நேரத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து அழுத்தத்தில் வைக்கவும் கூடாது. ஹோஸ் குழாய்முனையில் திருகும் சின்ன வேக்கம் பிரேக்கர் மலிவானது, திருகினால் வேலை முடிந்தது. அதை மாட்டாமல் விடுவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தோன்றவில்லை.

சந்தேகம் வந்தால் ஆர்பிஇசட் பக்கம் சாய்வது என் வழக்கம். அதற்கு ஒரு விலை உண்டு. அதைக் கடந்துபோகும் தண்ணீர் 10 முதல் 15 பிஎஸ்ஐ வரை அழுத்தம் இழக்கும். மெயினிலேயே அழுத்தம் குறைவு என்றால், மேல்மாடி ஷவர் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுங்கள்.

இடம்

இங்கேதான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். தரைக்குள் குழி தோண்டி ஆர்பிஇசட்டைப் புதைத்து, மேலே மூடி போட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். மழை பெய்து குழி நிறைந்தால் ரிலீஃப் வால்வின் வாய் தண்ணீருக்குள் முங்கிவிடும். அப்போது அது எதையும் கொட்ட முடியாது. மாறாக, குழியின் அழுக்கு நீர் குடிநீர்க் குழாயைத் தொட ஒரு வாசல் அங்கே கிடைத்துவிடும். ஆபத்தைத் தடுக்க வைத்ததே ஆபத்தாகிறது. ஆர்பிஇசட் தரைக்கு மேலேதான் இருக்க வேண்டும். அதன் அடிப்பாகத்துக்குக் கீழே குறைந்தது 300 மில்லிமீட்டர் இடம் விடுங்கள். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஏற்றினால் ஏணி போட்டுச் சோதிக்க வேண்டிவரும், அதற்கு நிலையான மேடை கட்டுங்கள்.

டெஸ்ட் காக்குகள், அதாவது கேஜ் மாட்டும் சின்னக் குழாய்முனைகள், சுவரைப் பார்த்தபடி இருக்கவே கூடாது. மூடியைக் கழற்றி ஸ்பிரிங்கை வெளியே இழுக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று தயாரிப்பாளரின் படத்தைப் பாருங்கள்.

ரிலீஃப் கொட்டினால் தண்ணீர் எங்கே போகும்? செக் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால் 2 அங்குல ஆர்பிஇசட் ஒன்று நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் கொட்டும். பக்கத்தில் மின்பலகை இருக்கிறதா என்று பாருங்கள். வடிகாலும் அதற்கேற்ற அளவில் இருக்க வேண்டும். ரிலீஃப் வாயிலிருந்து வடிகால் குழாய்க்கு நேராக இணைப்புக் கொடுத்துவிடாதீர்கள், நடுவே காற்று இடைவெளி விடுங்கள். உறைபனி விழும் ஊரென்றால் சூடான பெட்டியோ, கட்டடத்தின் உட்புறமோ வேண்டும். உள்ளே உறைந்த தண்ணீர் வெண்கல உடலைக்கூடப் பிளந்துவிடும்.

தண்ணீரை நிறுத்தவே முடியாத மருத்துவமனை, தொழிற்சாலை போன்ற இடங்களில் இரண்டு தடுப்பான்களை அருகருகே இணையாகப் போடுங்கள். ஒன்றைச் சோதிக்கும்போது மற்றொன்று ஓடும். சுற்றுவழியாக ஒரு வெறும் குழாயைப் போட்டு வால்வு வைத்து மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சுற்றுவழியிலும் அதே தரமுள்ள தடுப்பான் இருந்தாக வேண்டும்.

மாட்டும் வேலை

பெரும்பாலான தடுப்பான்கள் படுக்கைவாட்டத்தில் மாட்ட ஏற்பு பெற்றவை. செங்குத்தாக மாட்டலாம் என்று அந்த மாடலின் ஏற்பில் இருந்தால் மட்டும் அப்படி மாட்டுங்கள். உடலில் உள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைக் காட்டும்.

மாட்டுவதற்கு முன் குழாயைத் திறந்து தண்ணீரை முழு வேகத்தில் ஓடவிட்டுக் கழுவுங்கள். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், பாதிப் பேர் செய்ய மாட்டார்கள். முதல் சோதனையில் தோற்கும் புதுச் சாதனத்தைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் கதை இதுதான்: பிவிசி பைப் அறுத்த சுருள் ஒன்று, நகத்தில் பாதி அகலம்கூட இருக்காது, ரப்பர் வட்டுக்கும் அது படியும் இருக்கைக்கும் நடுவே படுத்துக்கிடக்கும். அதை எடுத்து வட்டை வெளிச்சத்தில் பிடித்தால், இருக்கை பதிந்த வட்டக்கோட்டின் மேல் சின்ன வெட்டு ஒன்று தெரியும். அந்த வெட்டின் வழியாகத்தான் தண்ணீர் கசிந்திருக்கும்.

டெஃப்லான் டேப்பையும் பேஸ்ட்டையும் வெளித்திருகில் மட்டும் போடுங்கள், முதல் திருகை வெறுமையாக விடுங்கள். உள்திருகில் தடவிய பேஸ்ட் நேராக முதல் செக் வால்வுக்குள் போய்ச் சேரும். செம்புக் குழாய் என்றால் பற்றவைப்பை முடித்து ஆறவிட்டு, அதன்பின் தடுப்பானை மாட்டுங்கள். ரப்பருக்குச் சூடு ஆகாது. கழற்ற வசதியாக இருபுறமும் யூனியனோ ஃபிளாஞ்சோ வையுங்கள். முன்னால் ஒரு ஸ்ட்ரெய்னர் (குப்பையைப் பிடிக்கும் வலை) வைப்பது நல்லது. ஆனால் தீயணைப்புக் குழாயில் அனுமதியில்லாமல் வைக்காதீர்கள், அது அடைத்துக்கொண்டால் தீயின்போது தண்ணீர் வராது. பெரிய அளவுகளுக்கு அடியில் தாங்கி கொடுங்கள், குழாய் சுமையைத் தாங்கக் கூடாது.

தண்ணீர் விடும்போது, தடுப்பானுக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு ஷட்-ஆஃப் (தண்ணீரை நிறுத்தும்) வால்வுகளும் மூடியிருக்கட்டும். முதல் வால்வை மெதுவாகத் திறந்து உடலை நிரப்புங்கள், டெஸ்ட் காக்குகளைக் கொஞ்சம் திறந்து காற்றை வெளியேற்றுங்கள், பிறகு இரண்டாவது வால்வை மெதுவாகத் திறங்கள். ஆர்பிஇசட் முதலில் கொஞ்சம் துப்பும், பிறகு நிற்க வேண்டும்.

இன்னொரு விஷயம். தடுப்பான் வந்தபின் கட்டடத்துத் தண்ணீர் மெயினுக்குத் திரும்ப வழி இல்லை. ஹீட்டரில் சூடான தண்ணீர் விரிந்தால் அது எங்கே போகும்? புதிதாகத் தடுப்பான் மாட்டிய பிறகு ஹீட்டரின் பாதுகாப்பு வால்வு சொட்டத் தொடங்கினால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். விரிவு டேங்க் ஒன்று வைத்தால் தீரும். அந்தப் பாதுகாப்பு வால்வை மட்டும் யாரும் அடைத்துவிடக் கூடாது.

கேஜை எடுப்பதற்கு முன்

மாட்டியவுடன் ஒரு சோதனை, பழுது பார்த்த பிறகும் இடம் மாற்றிய பிறகும் ஒவ்வொன்று, அதோடு ஆண்டுக்கு ஒரு முறையாவது. இதுதான் பரவலான விதி. கீழே தரும் முறை தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கையேட்டு முறையை ஒட்டியது, பல இடங்களில் இதைத்தான் பின்பற்றுகிறார்கள். உங்கள் குடிநீர் அமைப்பு வேறு முறை கேட்டால் அதைத்தான் செய்ய வேண்டும்.

தேவையானது 0 முதல் 15 பிஎஸ்ஐ வரை காட்டும் டிஃபரென்ஷியல் கேஜ் (இரண்டு இடங்களின் அழுத்த வித்தியாசத்தைக் காட்டுவது), மூன்று ஹோஸ்களுடன். வழக்கமாகச் சிவப்பு ஹை பக்கம், நீலம் லோ பக்கம், மஞ்சள் பைபாஸ். ஆண்டுக்கு ஒரு முறை கேஜை அளவு சரிபார்க்க அனுப்புங்கள். கேஜே தவறாகக் காட்டினால் அதை வைத்துச் செய்த சோதனை எதற்கும் ஆகாது.

தண்ணீரை நிறுத்தப் போகிறீர்கள் என்று கட்டடத்தில் எல்லோருக்கும் சொல்லுங்கள். தீயணைப்புக் குழாயென்றால் அலாரம் கண்காணிப்பவருக்கும் பொறுப்பாளருக்கும் சொல்லாமல் வால்வைத் தொடக் கூடாது. சாதனத்தின் தயாரிப்பு, மாடல், அளவு, வரிசை எண் எல்லாம் பழைய பதிவோடு பொருந்துகிறதா பாருங்கள். ஒரே அறையில் இரண்டு இருந்தால் தவறானதைச் சோதித்துவிட்டுப் போவது எளிது. கீழே தரை நனைந்திருக்கிறதா, ரிலீஃப் வாயில் கறை இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

ஆர்பிஇசட் சோதனை

டெஸ்ட் காக் நான்கு. ஒன்றாவது உள்வரும் பக்கம், முதல் ஷட்-ஆஃப்புக்கு முன்னால். இரண்டாவது முதல் செக் வால்வுக்கு முன், மூன்றாவது நடு அறையில், நான்காவது இரண்டாம் செக் வால்வுக்குப் பின்.

1. நான்காம் காக்கைத் திறந்து ஓடவிடுங்கள். அது ஓடும்போதே மற்றவற்றை ஒவ்வொன்றாக மெதுவாகத் திறந்து கழுவி மூடுங்கள், நான்காவதைக் கடைசியில் மூடுங்கள். இரண்டாவதைப் படக்கென்று திறந்தால் ரிலீஃப் உங்கள் காலில் கொட்டும்.

2. ஹை ஹோஸை இரண்டாம் காக்கிலும் லோ ஹோஸை மூன்றாம் காக்கிலும் மாட்டுங்கள். மூன்றாவதைத் திறந்து லோ பக்கக் காற்றை வெளியேற்றுங்கள், பிறகு இரண்டாவதைத் திறந்து ஹை பக்கக் காற்றையும். காற்றுக்குமிழி ஒன்று தங்கினாலும் முள் ஆடும். கேஜில் காற்றை வெளியேற்றும் சின்ன வால்வுகள்தான் ப்ளீட்: முதலில் ஹை ப்ளீடை மூடி, பின் லோ ப்ளீடை மெதுவாக மூடுங்கள்.

3. இரண்டாம் ஷட்-ஆஃப்பை மூடுங்கள். முள் நிற்கும் இடத்தைக் குறியுங்கள். முதல் செக் வால்வின் தற்காலிக அளவு அது. முள் தானே இறங்கிப்போய் ரிலீஃப் சொட்டினால், முதல் செக் கசிகிறது.

4. இப்போது ரிலீஃப். கேஜின் ஹை கன்ட்ரோல் வால்வை ஒரு சுற்றுத் திறங்கள். லோ கன்ட்ரோலைக் கால் சுற்றுக்கு மேல் போகாமல், மிக மெதுவாகத் திறங்கள். முள் இறங்கத் தொடங்கும். ஒரு கையின் புறத்தை ரிலீஃப் வாயின் கீழே வைத்துக்கொண்டு கண்ணை முள்ளிலிருந்து எடுக்காதீர்கள். முதல் துளி கையில் விழும் கணத்தில் முள் காட்டும் எண்தான் பதிவு. கண்ணால் துளியைத் தேடிவிட்டுத் திரும்பி முள்ளைப் பார்த்தால், அதற்குள் அது இறங்கியிருக்கும். எண் 2.0 பிஎஸ்ஐ அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். லோ கன்ட்ரோலை மூடுங்கள்.

5. இரண்டாம் செக். பைபாஸ் கன்ட்ரோலைத் திறந்து மஞ்சள் ஹோஸில் தண்ணீரை ஓடவிட்டுக் காற்றை விரட்டி, நான்காம் காக்கில் இறுக்கி, காக்கைத் திறங்கள். இப்போது இரண்டாம் செக்கின் பின்பக்கத்தில் உள்வரும் அழுத்தம் முழுதும் இருக்கிறது. லோ ப்ளீடைத் திறந்து, முள்ளைத் தற்காலிக அளவுக்கு மேலே ஏற்றி மூடுங்கள். முள் கொஞ்சம் இறங்கி, ரிலீஃப் திறந்த எண்ணுக்கு மேலேயே நின்றால் இரண்டாம் செக் பிடிக்கிறது. ரிலீஃப் எண் வரை சரிந்து சொட்டினால், ரப்பர் அழுந்தி இடம் கொடுத்ததாலும் இருக்கலாம். இன்னொரு முறை ப்ளீட் செய்து பாருங்கள். மறுபடியும் சரிந்தால் கசிவுதான்.

6. முள் அசையாமல் நின்ற அந்த எண்தான் முதல் செக்கின் உண்மையான அளவு. அது ரிலீஃப் திறந்த எண்ணைவிடக் குறைந்தது 3 பிஎஸ்ஐ கூடுதலாக இருப்பது நல்லது. ரிலீஃப் 2.4இல் திறந்து, முதல் செக் 7.0 காட்டினால் இடைவெளி 4.6, நிம்மதி. முதல் செக் 3.8 மட்டும் என்றால் இன்று எதுவும் கசியாது, ஆனால் மெயின் அழுத்தம் கொஞ்சம் ஆடினாலே ரிலீஃப் துப்பும்.

7. கடைசியாக, இரண்டாம் காக்கை மூடிப் பாருங்கள். முள் அசையாவிட்டால் இரண்டாம் ஷட்-ஆஃப் சரி. பூஜ்யத்துக்கு விழுந்தால் அந்த வால்வு கசிகிறது, மேலே எடுத்த எண்களை நம்ப முடியாது.

டபுள் செக், பிவிபி

டபுள் செக்கிலும் நான்கு காக்குகள்தான், ஆனால் இங்கே சொட்டிக் காட்ட ரிலீஃப் இல்லை. ஹை ஹோஸை இரண்டாம் காக்கில் மாட்டிக் காற்றை எடுங்கள். மூன்றாம் காக்கில் ஒரு கண்ணாடிபோன்ற குழாய்த்துண்டை நிமிர்த்தி வைத்து, நிரம்பியதும் காக்கை மூடுங்கள். கேஜை அந்த நீர்மட்டத்தின் உயரத்திலேயே பிடியுங்கள். இரண்டாம் ஷட்-ஆஃப்பை முதலில், பின் முதல் ஷட்-ஆஃப்பை மூடி, மூன்றாம் காக்கை மெதுவாகத் திறங்கள். தண்ணீர் வழிந்து நின்றதும் கேஜ் 1.0 பிஎஸ்ஐ அல்லது அதற்கு மேல் காட்ட வேண்டும். குழாய்த்துண்டில் தண்ணீர் நிற்காமல் வழிந்துகொண்டே இருந்தால் ஷட்-ஆஃப் ஒன்று கசிகிறது, முதலில் அதைக் கவனியுங்கள். இரண்டாம் செக்குக்கு இதையே மூன்றாம், நான்காம் காக்குகளில் செய்யுங்கள்.

பிவிபியில் மேல்மூடியைக் கழற்றினால் காற்று வாயின் வட்டு கண்ணுக்குத் தெரியும். ஹை ஹோஸ் இரண்டாம் காக்கில். ஷட்-ஆஃப்களை, இரண்டாவதை முதலில், மூடிவிட்டு ப்ளீடை மெதுவாகத் திறங்கள். வட்டு டப்பென்று விலகும்போது 1.0 பிஎஸ்ஐக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தண்ணீர் வடிந்தபின் அது முழுசாகத் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள், பாதியில் ஒட்டிக்கொள்வது பிவிபியின் பழைய வியாதி. அப்புறம் ஹோஸை முதல் காக்குக்கு மாற்றி, அதே வரிசையில் மூடி, இரண்டாம் காக்கைத் திறந்து செக் வால்வைப் பாருங்கள். அதற்கும் 1.0தான் எல்லை.

ரிலீஃப் கொட்டிக்கொண்டே இருந்தால்

எப்போதாவது ஒரு முறை துப்புவது பழுதல்ல, மெயின் அழுத்தம் ஏறி இறங்குவதன் அடையாளம். நிற்காமல் கொட்டினால் கேஜ் இல்லாமலே காரணத்தைக் குறுக்கிவிடலாம். இரண்டாம் ஷட்-ஆஃப்பை மூடுங்கள். கொட்டுவது நின்றால், இரண்டாம் செக் கசிந்து எதிர் அழுத்தம் உள்ளே வருகிறது. நிற்கவில்லையா, நான்காம் காக்கைத் திறந்து தண்ணீரை ஓடவிடுங்கள். ஓடும்போது நின்றால் குற்றவாளி முதல் செக். அப்போதும் கொட்டினால் ரிலீஃப் வால்வின் இருக்கையில் குப்பை, அல்லது அதன் உணர்வுக் குழாய் அடைத்திருக்கிறது.

திறப்பதற்கு முன் இரு ஷட்-ஆஃப்களையும் மூடி, எல்லா டெஸ்ட் காக்குகளையும் திறந்து அழுத்தத்தை வடித்துவிடுங்கள். மூடிக்கு அடியில் ஸ்பிரிங் அழுந்தி நிற்கும் மாடல்கள் உண்டு, முகத்தை நேர் மேலே வைக்காதீர்கள். முதல் செக்கின் ஸ்பிரிங் பெரும்பாலும் இரண்டாவதைவிட வலுவானது, மாற்றிப் போட்டால் எண்கள் எல்லாம் குழம்பும். கழற்றும் வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்கிவையுங்கள். ரப்பர் வட்டைத் திருப்பிப் போட்டு ஒப்பேற்றும் பழக்கம் பலரிடம் உண்டு, அது வேண்டாம். அந்த மாடலுக்கான ரப்பர் கிட் வாங்கி மொத்தமாக மாற்றுங்கள். குடிநீருக்கு ஏற்ற சிலிகான் கிரீஸை மட்டும், அதையும் கொஞ்சமாகத் தடவுங்கள். இருக்கையை விரல்நுனியால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் பள்ளம் இருந்தால் புது ரப்பர் பிரயோசனமில்லை, இருக்கையையும் மாற்ற வேண்டும். பிறகு சோதனையை முதலிலிருந்து முழுசாகச் செய்யுங்கள்.

பதிவு, அப்புறம் வால்வுகள்

சோதனைத் தாளில் தேதி, சாதனத்தின் அடையாளம், இடம், மெயின் அழுத்தம், கேஜின் வரிசை எண், அது கடைசியாக அளவு சரிபார்க்கப்பட்ட நாள், ஒவ்வொரு பாகத்தின் எண் எல்லாம் இருக்கட்டும். "தேறியது" என்று மட்டும் எழுதாதீர்கள். முதல் செக் போன ஆண்டு 7.2, இந்த ஆண்டு 6.1 என்று எழுதியிருந்தால்தான் அடுத்த ஆண்டு ரப்பர் கிட்டோடு வர வேண்டும் என்று தெரியும். பழுது பார்த்திருந்தால் முன்னெண், பின்னெண் இரண்டையும் எழுதுங்கள். தோற்ற சாதனத்தை உடனே சரிசெய்ய முடியாவிட்டால் குடிநீர் அமைப்புக்குத் தெரிவியுங்கள். ஆபத்தான இணைப்பு என்றால் சரியாகும்வரை அந்தக் குழாயை மூடியே வைத்திருங்கள்.

கிளம்பும் முன் டெஸ்ட் காக்குகளை மூடி, ஹோஸ்களைக் கழற்றி, காக்குகளின் மூடிகளைத் திருகுங்கள். ஷட்-ஆஃப்கள் நீங்கள் வந்தபோது இருந்த நிலைக்கே திரும்பட்டும், இரண்டாவதை மெதுவாகத் திறங்கள், இல்லாவிட்டால் குழாய் அதிரும். தீயணைப்புக் குழாயில் வால்வு முழுசாகத் திறந்திருக்கிறது என்பதைக் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்து உறுதிசெய்து, கூட ஒருவரையும் பார்க்கச் சொல்லி, அதன்பின் அலாரம் கண்காணிப்பவருக்கு வேலை முடிந்தது என்று போன் செய்யுங்கள்.